வேகத்தின் முதன்மை: குறுந்தூரப் பந்தயக் குதிரைகளை மதிப்பிடும் முறை

குதிரைப் பந்தய உலகில் தலைமுறை தலைமுறையாகத் தீராமல் நீளும் வழக்குகளுள், குறுந்தூர ஓட்டத்தில் எக்காலத்துக்கும் தலைசிறந்த குதிரை எது என்பதும் ஒன்று. இங்கிலாந்தின் பழைய தலைமுறையினர் அபர்னன்ட் என்பர். அமெரிக்கர்கள் டாக்டர் ஃபேகரையோ அதன் தாய்வழித் தங்கையான டா வீயையோ முன்னிறுத்துவர். ஹாங்காங்கில் சைலன்ட் விட்னஸ் என்னும் பெயருக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. ஆஸ்திரேலியாவிலோ பிளாக் கேவியர் என்று சொன்ன பிறகு பேச்சுக்கே இடமில்லை. இவ்விடைகள் முரண்படுவதற்கு நாட்டுப்பற்றும் ஒரு காரணம்தான் என்றாலும், அதனினும் பெரிய காரணம் ஒவ்வொரு தரப்பும் வெவ்வேறு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வாதிடுவதே ஆகும்: ஒருவர் கடிகாரத்தை நம்புகிறார், மற்றொருவர் முதுகில் சுமந்த எடையைக் கணக்கிடுகிறார், வேறொருவர் தோல்வியே காணாத ஏட்டைக் காட்டுகிறார். ஆகவே குதிரைகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல்களை உரசிப் பார்ப்பதே முறையாகும். அவ்வாறு பார்க்கும்போது கடிகாரம் மிகக் குறைவாகவும், எடையும் பயணமும் மிக அதிகமாகவும் உண்மை பேசுகின்றன என்பது இவ்வுரையின் துணிபு.

இங்குப் பேசப்படுவது தரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரை இனம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழை நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்துசேர்ந்த பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் ஆகிய மூன்று ஆண் குதிரைகளின் தந்தைவழியில் வந்தவையே இன்று உலகெங்கும் ஓடும் இவ்வினக் குதிரைகள். பந்தயத் தூரம் ஃபர்லாங் என்னும் பழைய அளவால் குறிக்கப்படுகிறது. ஒரு ஃபர்லாங் ஏறத்தாழ 201 மீட்டர், எட்டு ஃபர்லாங் சேர்ந்தது ஒரு மைல். ஐந்து, ஆறு ஃபர்லாங் ஓட்டங்கள், அதாவது கிண்டியிலும் உதகையிலும் 1000 மீட்டர், 1200 மீட்டர் என்று அறிவிக்கப்பட்டுவந்த ஓட்டங்களை ஒத்தவை, குறுந்தூரப் பந்தயங்கள் ஆகும். அமெரிக்காவில் ஏழு ஃபர்லாங்கையும் இவ்வகையிலேயே சேர்ப்பர். எப்சம் டெர்பி ஒன்றரை மைல் ஓட்டமாக நிலைபெற்றுவிட்டதால், அத்தூரத்தை வெல்லும் குதிரையே முழுமையானது என்றும், ஐந்து ஃபர்லாங்கோடு நின்றுவிடுவது ஏதோ குறையுடையது என்றும் கருதும் மனப்பாங்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அம்மனப்பாங்கு எவ்வளவு தவறானது என்பது பின்னர் விளங்கும்.

குறுந்தூரக் குதிரை பயிற்சியால் உருவாவதைவிடப் பிறப்பாலேயே பெரிதும் அமைகிறது. விரைந்து சுருங்கும் தசைநார்கள் மிகுந்த, பின்புறம் திரண்ட உடலே அதன் முதல். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் எம்மலின் ஹில் தலைமையில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டேட்டின் என்னும் மரபணுவில் உள்ள ஒரு சிறு வேறுபாடு குதிரையின் உகந்த தூரத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டியது: இம்மரபணுவின் சி வடிவத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குதிரை குறுந்தூரத்திலும், டி வடிவத்தை இருவரிடமிருந்தும் பெற்றது நெடுந்தூரத்திலும், இரண்டும் கலந்து பெற்றது இடைத்தூரத்திலும் சிறக்கின்றன. 2012இல் வந்த தொடர் ஆய்வு, வேகத்துக்குரிய அவ்வடிவம் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் ஒரே மூலத்திலிருந்து இவ்வினத்துக்குள் நுழைந்தது என்ற முடிவுக்கு வந்தது. எனவே குறுந்தூர ஓட்டத்தை நெடுந்தூர ஓட்டத்தின் குறைவடிவம் என்று கொள்வதற்கு உடற்கூற்றில் இடமில்லை. அது தனியொரு திறன், தனக்கென ஓர் உச்சத்தை உடையது.

அளவுகோல்களுள் முதலாவதும் எளிதில் மயக்குவதும் கடிகாரம். ஐந்து ஃபர்லாங்கை மிகக் குறைந்த நேரத்தில் கடந்த குதிரையே மிக வேகமானது என்பது கேட்பதற்கு மறுக்க முடியாததாகத் தோன்றும். ஆனால் அவ்வகையில் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்ற பெயர்களைப் பார்த்தால் ஐயம் எழும். 1960 ஜூன் 2ஆம் நாள் எப்சமில் இன்டிஜினஸ் என்னும் குதிரை 53.6 வினாடியில் ஓடியதாகக் கையால் இயக்கிய கடிகாரம் காட்டியது. 2012இல் அதே திடலில் ஸ்டோன் ஆஃப் ஃபோல்கா 53.69 வினாடியில் ஓடியதை மின்னணுக் கருவி பதிவு செய்தது. இவ்விரண்டில் எதையும் மாபெரும் குதிரைகளின் வரிசையில் வைத்துப் பேசுவார் எவரும் இலர். எப்சமின் ஐந்து ஃபர்லாங் பாதை தொடக்கத்தில் செங்குத்தாகக் கீழிறங்குவது. அங்கே சரிவு பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இதற்கு மாறாக, அஸ்காட் திடலின் நேர்ப்பாதை இறுதியில் மேட்டில் ஏறுகிறது. மேலும், பிரிட்டனில் தொடக்கக் கூண்டின் கதவு திறந்த நொடியிலிருந்தே நேரம் கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவிலோ குதிரைகள் கூண்டைவிட்டு வெளிப்பட்டுச் சில அடி தூரம் ஓடி வேகம் பிடித்த பின்னரே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. மழையில் ஊறிய புல்தளம், வெயிலில் இறுகிய புல்தளம், மணல் கலந்த மண்தளம், எதிர்க்காற்று, பின்காற்று என்பனவற்றையும் சேர்த்து எண்ணினால், இரு வேறு திடல்களின் நேரங்களை அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்வது பொருளற்றதாகிவிடும். ஒரே திடலில் பல்லாண்டுகள் அசையாமல் நின்ற நேரத்துக்கு மட்டும் ஓரளவு மதிப்பு உண்டு.

எடை அவ்வாறன்று. ஹேண்டிகேப் என்னும் பந்தய முறையில், வலிய குதிரைக்கு அதிக எடையும் மெலிந்த குதிரைக்குக் குறைந்த எடையும் விதிக்கப்படுகின்றன. ஜாக்கியின் எடையோடு சேணமும், தேவைப்பட்டால் சேணத்தின் பைகளில் ஈயத் தகடுகளும் சேர்ந்து அவ்வெடை நிறைவு செய்யப்படும். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் இலக்குக் கம்பத்தை அடைய வேண்டும் என்பதே எடை விதிப்பவரின் நோக்கம். இம்முறையின் அடிப்படையில், 1948இல் ஃபில் புல் நிறுவிய டைம்ஃபார்ம் என்னும் நிறுவனம், குதிரைகளின் திறனைப் பவுண்டுக் கணக்கில் எண்ணாக மாற்றும் வழக்கத்தைப் பரவலாக்கியது. ஐந்து ஃபர்லாங் ஓட்டத்தில் ஒரு குதிரை நீள வேறுபாடு ஏறத்தாழ மூன்று பவுண்டு எடைக்குச் சமம் என்பது பொதுவான கணக்கு. குதிரை நீளம் என்பது மூக்கு முதல் வால் அடி வரையிலான, சுமார் எட்டடித் தூரம்.

இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அபர்னன்ட்டைப் பார்க்க வேண்டும். 1946இல் பிறந்த இச்சாம்பல் நிறக் குதிரை, நோயல் மர்லெஸ் பயிற்சியில், கார்டன் ரிச்சர்ட்ஸ் சவாரியில், 17 பந்தயங்களில் 14ஐ வென்றது. 1949, 1950 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நியூமார்க்கெட்டின் ஜூலை கோப்பையையும் யார்க்கின் நன்தார்ப் பந்தயத்தையும் அது கைப்பற்றியது. ஒரு மைல் தூரமுள்ள 1949 டூ தௌசன்ட் கினீஸ் பந்தயத்தில்கூட, தனக்குப் பொருந்தாத தூரத்தில் கடைசி வரை முன்னணியில் ஓடி, பின்னர் டெர்பியை வென்ற நிம்பஸிடம் மூக்களவில்தான் தோற்றது. எனினும் அதன் பெருமையை உணர்த்துவது வெற்றிகளைவிட மற்றொரு தோல்வியே. 1950ஆம் ஆண்டின் கிங்ஸ் ஸ்டாண்ட் பந்தயத்தில் டாங்கிள் என்னும் குதிரைக்கு 23 பவுண்டு எடைச் சலுகை கொடுத்து ஓடி, அரை நீளத்தில் அது தோற்றது. மூன்று பவுண்டுக்கு ஒரு நீளம் என்ற கணக்கில் 23 பவுண்டு என்பது ஏழரை நீளத்துக்கும் மேல். ஆகவே ஏட்டில் தோல்வி என்று எழுதப்பட்ட அந்த ஓட்டத்தில், தன்னை வென்ற குதிரையைவிட ஏறத்தாழ ஏழு நீளம் மேலானது தான் என்பதை அபர்னன்ட் நிறுவிவிட்டது. டைம்ஃபார்ம் அதற்கு வழங்கிய எண் 142. பின்னர் 1955இல் வந்த பாப்பா ஃபோர்வே என்னும் வல்லமை மிக்க குதிரைக்கே 139தான் கிடைத்தது.

எடையைச் சுமந்த வரலாற்றில் அமெரிக்காவின் பங்கு இன்னும் பெரிது. 1901இல் பிறந்த ரோஸ்பென் என்னும் பேருருவக் குதிரையின் மீது 147 பவுண்டு வரை எடை ஏற்றப்பட்டது. 1968இல் டாக்டர் ஃபேகர் செய்தவை அதனினும் வியப்புக்குரியன. ஆகஸ்ட் மாதம் ஆர்லிங்டன் திடலில் 134 பவுண்டு சுமந்து ஒரு மைலை 1 நிமிடம் 32 1/5 வினாடியில் ஓடி உலகச் சாதனை படைத்த அக்குதிரை, நவம்பரில் தன் கடைசி ஓட்டமாக அமைந்த வாஸ்பர்க் பந்தயத்தில் 139 பவுண்டு, அதாவது 63 கிலோ சுமந்து, ஏழு ஃபர்லாங்கை 1 நிமிடம் 20 1/5 வினாடியில் கடந்து ஆறு நீளத்தில் வென்றது. அக்வெடக்ட் திடலின் அந்த நேரத்தை முறியடிக்க 1999 வரை எந்தக் குதிரைக்கும் இயலவில்லை. இடைத்தூரப் பந்தயங்களிலும் புல்தளத்திலும் வென்று, ஒரே ஆண்டில் ஆண்டின் சிறந்த குதிரை, சிறந்த குறுந்தூரக் குதிரை உட்பட நான்கு பட்டங்களைப் பெற்ற டாக்டர் ஃபேகரைக் குறுந்தூரக் குதிரை என்று மட்டும் வகைப்படுத்துவது பொருந்தாது என்பதே அதன் உரிமைக்கோரலுக்கு எதிரான ஒரே வாதம். இவ்வுரை அவ்வாதத்தை ஏற்கிறது. ஆனால் அதே அஸ்பிடிஸ்ட்ரா என்னும் தாய்க்குப் பிறந்த டா வீ முழுமையான குறுந்தூரக் குதிரை. 1970இல் ஃபால் ஹைவெயிட் பந்தயத்தில் ஆண் குதிரைகளை எதிர்த்து 140 பவுண்டு சுமந்து வென்ற இப்பெண் குதிரை, அடுத்து இன்டர்பரோ பந்தயத்தில் 142 பவுண்டு, அதாவது 64 கிலோவுக்கு மேல் சுமந்து வென்று ஓய்வு பெற்றது. இன்றைய பந்தயங்களில் எந்தப் பெண் குதிரையின் மீதும் இத்தகைய எடையை ஏற்றுவதில்லை. ஏற்ற வேண்டும் என்று எவரும் விரும்பப் போவதுமில்லை. ஆயினும் சுமையை, அதைச் சுமந்தது பெண் குதிரை என்பதோடு சேர்த்துப் பார்த்துத் தீர்ப்புக் கூறுவதாயின், முதலிடம் டா வீக்கே உரியது.

குறுந்தூரக் குதிரைகள் இனத்தின் ஓரத்தில் நிற்பவை என்ற பழைய எண்ணத்துக்கு மறுப்பாக நிற்பது ஒரு தாய்வழி. 1911இல் அயர்லாந்தில் பிறந்து, சாம்பல் உடலில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிய விந்தைத் தோற்றத்தால் புள்ளி அதிசயம் என்று பெயர்பெற்ற டெட்ரார்க், 1913இல் இரண்டு வயதில் ஏழு பந்தயங்களில் ஓடி ஏழையும் வென்றது. காயத்தால் அதன்பின் ஓடவே இல்லை. ஓர் ஆண்டுக்குள் முடிந்துபோன ஓட்டத்தை வைத்து அதனை எக்காலத்துக்கும் முதல்வன் என்று முடிசூட்ட இயலாது. ஆனால் அதன் மகளாக 1921இல் பிறந்த பெண் குட்டியை, கராச்சியில் பிறந்த மூன்றாம் ஆகா கான் 1922ஆம் ஆண்டின் டான்காஸ்டர் ஏலத்தில் 9,100 கினிக்கு வாங்கி, தாஜ் மஹால் எந்த அரசியின் நினைவாக எழுந்ததோ அவ்வரசியின் பெயரையே சூட்டினார். மும்தாஜ் மஹால் பத்துப் பந்தயங்களில் ஏழை வென்றது. ஒரு மைல் தூரத்தில் தளர்ந்தது, ஐந்து ஃபர்லாங்கில் எதிரியே இல்லாமல் பறந்தது. பண்ணைக்குச் சென்ற பின் அதன் வழி விரிந்த வகையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மகள் ரஸ்தம் மஹால். அதன் மகனே மேலே கண்ட அபர்னன்ட். மற்றொரு மகளான மாஹ் மஹாலின் மகன் மஹ்மூத் 1936இல் டெர்பியையே வென்றது. மூன்றாவது மகளான மும்தாஜ் பேகத்தின் மகன் நஸ்ருல்லா. நஸ்ருல்லாவின் மகன் போல்ட் ரூலர், அதன் மகன் 1973இல் அமெரிக்காவின் மும்மணி மகுடத்தை வென்ற செக்ரட்டேரியட். ஒரு மைல் ஓடவே திணறிய பெண் குதிரையின் இரத்தம், ஒன்றரை மைலை முப்பத்தொரு நீளத்தில் வென்ற குதிரை வரை ஓடியிருக்கிறது. டெர்பி குதிரையே முழுமையானது என்று பேசியவர்கள் டெர்பி குதிரையின் வேகம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கத் தவறினார்கள்.

ஒரே பருவத்தின் உச்சத்தை அளவுகோலாகக் கொண்டால், 1990ஆம் ஆண்டின் டேஜரைக் கடந்து செல்வது மிகக் கடினம். புகழ்பெற்ற டான்சிக்கின் மகனான இவ்வமெரிக்கக் குட்டி, ஷேக் ஹம்தான் அல் மக்தூமின் உடைமையாக இங்கிலாந்துக்கு வந்து, விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பயிற்சியளித்துவந்த மேஜர் டிக் ஹெர்னிடம் வளர்ந்தது. சவாரி செய்தவர் வில்லி கார்சன். அக்கோடையில் அஸ்காட்டின் கிங்ஸ் ஸ்டாண்ட், யார்க்கின் நன்தார்ப், ஹேடாக்கின் ஸ்பிரின்ட் கோப்பை, பாரிஸின் அபாயே பந்தயம் என ஒன்றன்பின் ஒன்றாக வென்றது. யார்க்கில் அது பதித்த 56.16 வினாடி, மணிக்கு 64 கிலோமீட்டருக்கும் மேலான சராசரி வேகம், 29 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2019இல் அதனை 55.90 வினாடியாகக் குறைத்த பட்டாஷும் அதே உரிமையாளரின் குதிரையாக அமைந்தது. நேரத்தைவிட வலிய சான்று ஹேடாக்கில் கிடைக்கிறது. அங்கே டேஜருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த ராயல் அகாடமி சாதாரணக் குதிரையன்று. அவ்வாண்டே ஜூலை கோப்பையை வென்றிருந்த அது, அக்டோபர் 27ஆம் நாள் 54 வயதான லெஸ்டர் பிகட்டின் சவாரியில் அமெரிக்காவில் பிரீடர்ஸ் கப் மைல் பந்தயத்தையும் வென்றது.

அதே நாளில், அதே பெல்மான்ட் பார்க் திடலில், டேஜர் பிரீடர்ஸ் கப் ஸ்பிரின்ட் பந்தயத்தில் ஓடியது. பிரீடர்ஸ் கப் என்பது 1984 முதல் அமெரிக்காவில் ஆண்டின் இறுதியில் நடக்கும் பெரும்பரிசுப் பந்தயத் தொகுப்பு; அதன் ஸ்பிரின்ட், ஆறு ஃபர்லாங் மண்தள ஓட்டம், நேர்ப்பாதையில் நடைபெறுவதன்று, வளைவில் திரும்பி வருவது. புல்லில் நேராக ஓடியே பெயர்பெற்ற குதிரைக்கு மண்தளம் புதிது. எனினும் சேஃப்லி கெப்ட் என்னும் அமெரிக்கப் பெண் குதிரையோடு தோளுக்குத் தோள் ஓடிவந்து, இறுதி நேர்ப்பாதையில் அது தலை நீட்டி முந்தத் தொடங்கியது. மாலை வெயிலில் பார்வையாளர் மாடத்தின் நிழல் பாதையின் குறுக்கே கரிய பட்டையாக விழுந்திருந்தது. இலக்குக் கம்பத்துக்குச் சில பாய்ச்சல்களே இருந்தபோது, டேஜர் அந்நிழலைத் தடை என்று எண்ணித் தாண்டிக் குதித்தது. வெற்றி ஒரு கழுத்தளவில் நழுவியது. மூன்று வாரங்களுக்கு முன் பாரிஸிலும் இலக்கருகே அது நிழலைத் தாண்டியிருந்தது. அங்கே முன்னிலை போதுமான அளவு இருந்ததால் வெற்றிக்குக் கேடு வரவில்லை. சேஃப்லி கெப்ட்டை எளிய எதிரி என்று எண்ணி அதன் வெற்றியைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அது முந்தைய ஆண்டே அமெரிக்காவின் சிறந்த குறுந்தூரக் குதிரை, ஓடிய 31 பந்தயங்களில் 24ஐ வென்றது. ஆனால் பழக்கமில்லாத தளத்தில், பழக்கமில்லாத நாட்டில், அத்தகைய எதிரியை வெல்லும் நிலையில் இருந்தது என்பதே டேஜரின் மதிப்பை உயர்த்துகிறது. டைம்ஃபார்ம் அதற்கு 137 வழங்கியது. ஒரே ஓட்டத்தின் உச்சகட்ட வேகத்தை வைத்து விடை கேட்டால், இவ்வுரையின் விடை டேஜர்.

தோல்வியின்மை மூன்றாவது அளவுகோல். இதுவும் கவனத்தோடு கையாளத்தக்கது. வலிய எதிரிகளைத் தவிர்த்தும், வீட்டுத் திடலை விட்டு நகராமலும் வெற்றி வரிசையைக் காப்பாற்ற முடியும். ஹாங்காங்கின் சைலன்ட் விட்னஸ், 2002 டிசம்பர் முதல் 2005 வரை தொடர்ந்து 17 பந்தயங்களை வென்றது. 2004இல் ஜப்பானுக்குச் சென்று நகயாமா திடலில் ஸ்பிரின்டர்ஸ் ஸ்டேக்ஸ் பந்தயத்தையும் வென்றதால் அதன் வரிசைக்கு எடை கூடியது. பின்னர் 1600 மீட்டருக்குத் தூரத்தை நீட்டியபோதுதான் முதல் தோல்வி வந்தது. பயணம் ஏன் முக்கியம் என்பதை ஆஸ்திரேலியர்களே உலகுக்குக் கற்பித்தனர். 2003இல் சாய்சிர் என்னும் குதிரை அஸ்காட்டுக்கு வந்து ஒரே வாரத்தில் ஐந்து ஃபர்லாங், ஆறு ஃபர்லாங் ஆகிய இரண்டு பெரும் பந்தயங்களையும் வென்றபோது, இங்கிலாந்தின் பந்தய உலகம் திகைத்துப்போனது. 2006இல் கிங்ஸ் ஸ்டாண்டை வென்ற டேக்ஓவர் டார்கெட், ஜோ ஜானியாக் என்னும் டாக்சி ஓட்டுநர் ஆயிரத்துச் சொச்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கித் தாமே பயிற்றுவித்த குதிரை. இருவயதுக் குதிரைகளுக்கான 1200 மீட்டர் கோல்டன் ஸ்லிப்பரை 1957 முதல் நாட்டின் முதன்மைப் பந்தயங்களுள் ஒன்றாகப் போற்றிவந்த ஆஸ்திரேலியா, குறுந்தூர வேகத்தை விரும்பியே வளர்த்த நாடு. அந்நாட்டின் பந்தயங்களில் தோல்வியின்றி ஓடுவது வேறெந்த நாட்டிலும் ஓடுவதைவிடக் கடினம் என்பதை மனத்தில் இருத்தியே பிளாக் கேவியரை மதிப்பிட வேண்டும்.

2006 ஆகஸ்ட் 18ஆம் நாள் பிறந்த பிளாக் கேவியர், குட்டிகளின் ஏலத்தில் 2,10,000 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கப்பட்டு, மெல்போர்னின் பயிற்சியாளர் பீட்டர் மூடியிடம் வந்தது. 2009 ஏப்ரலில் ஃபிளெமிங்டனில் முதன்முதலாக ஓடியது. 2013 ஏப்ரல் 13ஆம் நாள் சிட்னியின் ராண்ட்விக்கில் கடைசியாக ஓடியது. இடையில் 25 பந்தயங்கள், 25 வெற்றிகள். அவற்றுள் 15, குரூப் ஒன் எனப்படும் முதல்தர மதிப்புடையவை. பெரும்பாலானவற்றில் சவாரி செய்தவர் லூக் நோலன். குறுந்தூரப் பந்தயத்தில் தோல்வியின்மை நெடுந்தூரத்தைவிட அரிது என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும்: கூண்டிலிருந்து வெளிவரும்போது அரை நொடி தாமதித்தாலே ஏறத்தாழ மூன்று, நான்கு நீளம் போய்விடும், ஒரு நிமிடத்துக்குள் முடியும் ஓட்டத்தில் அதனை ஈடுசெய்ய இடமிருக்காது.

ஆனால் இருபத்தைந்து என்ற எண்ணைவிட இரண்டு ஓட்டங்களே இவ்வழக்கில் தீர்ப்பளிக்கின்றன. முதலாவது, 2011 மார்ச்சில் ஃபிளெமிங்டனில் நடந்த நியூமார்க்கெட் ஹேண்டிகேப். ஆஸ்திரேலியாவின் பழம்பெரும் 1200 மீட்டர் நேர்ப்பாதைப் பந்தயம் இது. ஹேண்டிகேப் என்பதால் சிறந்த குதிரைகள் எடையின் அடியில் நசுங்கிப்போகும் பந்தயமும் இதுவே. 58 கிலோ சுமந்து, தன்னைவிடக் குறைந்த எடையோடு ஓடிய குதிரைகளை மூன்று நீளத்தில் விட்டுவிட்டு, 1 நிமிடம் 7.36 வினாடியில் பிளாக் கேவியர் அதனை வென்றது. தோல்வியின்மையைக் காப்பாற்ற மட்டும் நினைக்கும் பயிற்சியாளர் அப்பந்தயத்துக்குத் தம் குதிரையை அனுப்பியிருக்க மாட்டார். இதனால்தான் பீட்டர் மூடியின் முடிவுக்கும் இவ்வெற்றியில் பங்கு உண்டு.

இரண்டாவது, 2012 ஜூன் 23ஆம் நாள் அஸ்காட்டில் நடந்த டயமண்ட் ஜூபிலி ஸ்டேக்ஸ். மே மாதம் வரை அடிலெய்டில் ஓடிவிட்டு, தசைகளை இறுக்கிப் பிடிக்கும் உடை உடல் முழுதும் போர்த்தப்பட்டு, வானூர்தியில் உலகின் மறுபக்கத்துக்கு வந்த அப்பெண் குதிரை, இறுதியில் மேடேறும் ஆறு ஃபர்லாங் பாதையில், பிரான்சின் மூன்லைட் கிளவுட் உள்ளிட்ட எதிரிகளைச் சந்தித்தது. கடைசிச் சில அடிகளில் வெற்றி உறுதி என்று எண்ணி லூக் நோலன் கைகளைத் தளர்த்தினார். பின்னாலிருந்து மூன்லைட் கிளவுட் பாய்ந்து வந்தது. இடைவெளி ஒரு தலையளவாகச் சுருங்கியது. நோலனின் அத்தளர்ச்சி உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. ஆனால் ஓட்டத்துக்குப் பின் நடந்த சோதனையில், அக்குதிரையின் பின்காலின் தொடைத் தசைகளில் கிழிசல்கள் ஏற்பட்டிருந்தது தெரியவந்தது. மேடேறிய பாதையில் தசை கிழிந்த நிலையில் ஓடி, அப்போதும் தோற்காமல் நின்றது என்பதே அவ்வோட்டத்தின் உண்மையான பொருள். ஒரு தலையளவு வெற்றியைக் காட்டி அக்குதிரையைக் குறைத்துப் பேசுவோர், அன்று அதன் உடல் என்ன நிலையில் இருந்தது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. எட்டு மாதங்களுக்குப் பின், 2013 பிப்ரவரியில், லைட்னிங் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் ஃபிளெமிங்டனின் 1000 மீட்டரை 55.42 வினாடியில் ஓடி, 25 ஆண்டுகளாக நின்றிருந்த திடல் சாதனையை அது முறியடித்தது. காயத்திலிருந்து மீண்டு வந்து முன்னைவிட வேகமாக ஓடிய குறுந்தூரக் குதிரைகள் மிகச் சில.

இத்தீர்ப்புக்கு எதிரான வலிய வாதம் டைம்ஃபார்ம் எண்களில் உள்ளது: பிளாக் கேவியருக்கு 136, அபர்னன்ட்டுக்கு 142. ஆறு பவுண்டு என்பது ஐந்து ஃபர்லாங்கில் இரண்டு நீளம். அவ்வெண்களை ஒதுக்கித் தள்ள இயலாது. ஆனால் அவை ஒரே காலத்தில் ஒரே நாட்டில் ஓடும் குதிரைகளை ஒப்பிடும்போது எவ்வளவு கூர்மையானவையோ, அறுபது ஆண்டு இடைவெளியைத் தாண்டும்போது அவ்வளவு கூர்மையை இழப்பவை, ஏனெனில் ஒவ்வொரு எண்ணும் அக்குதிரை தோற்கடித்த குதிரைகளின் எண்களில் ஊன்றி நிற்கிறது, அவ்வெதிரிகளை இன்று எவரும் மீண்டும் ஓடவிட்டுச் சோதிக்க முடியாது. மேலும், பெண் குதிரைகளுக்கு ஆண் குதிரைகளோடு ஓடும்போது சில பவுண்டு எடைச் சலுகை உண்டு என்பதால் அவற்றின் எண்ணும் அதற்கேற்பக் குறையும். பிளாக் கேவியரின் 136ஐ அச்சலுகையோடு சேர்த்துப் படித்தால் இடைவெளி பாதியாகிவிடுகிறது. அபர்னன்ட் தன் நாட்டுப் புல்லில் தன் எதிரிகளுக்கு எடை கொடுத்து ஓடியது. பிளாக் கேவியர் அதையும் செய்து, கடலையும் கடந்தது. இக்காரணங்களால் முதலிடம் பிளாக் கேவியருக்கும், அடுத்த இடம் அபர்னன்ட்டுக்கும், மூன்றாமிடம் டேஜருக்கும் உரியன என்பது இவ்வுரையின் முடிவு.

இவ்வரிசை நிலையானதன்று. டேவிட் ஹேய்ஸ் பயிற்சியில், ஜாக் பர்டன் சவாரியில் ஓடும் ஹாங்காங்கின் கா யிங் ரைசிங், 2024இல் ஹாங்காங் ஸ்பிரின்டை வென்றதோடு நில்லாமல், 2025 அக்டோபரில் சிட்னிக்குச் சென்று, ராண்ட்விக்கின் 1200 மீட்டர் ஓட்டமும் உலகின் மிகப் பெரிய பரிசுத்தொகைகளுள் ஒன்றை உடையதுமான எவரெஸ்ட் பந்தயத்தை ஆஸ்திரேலியக் குதிரைகளின் சொந்தத் திடலிலேயே வென்றது. மெல்போர்னில் ஹேண்டிகேப்பும் அஸ்காட்டில் மேடும் பிளாக் கேவியரிடம் கேட்ட கேள்விகளை அதனிடமும் கேட்டுப் பார்க்க அதன் உரிமையாளர் முன்வருவாரானால், முதலிடத்துக்கான வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரும்.